தொண்டை வலிக்கு தர்பூசணி 'உறைபனி'! சீனர்களின் மூலிகை வைத்தியம்

திடீர்னு தொண்டை சிவந்து வீங்கி, எச்சில் முழுங்கினாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும். இந்த தொண்டை அழற்சிக்கு சீனர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தர்பூசணியில் தயாரித்த வெள்ளைப் பொடியை தொண்டைக்குள் தூவிக்கொள்கிறார்கள்!

எல்லாம் சூடுதான்

சீன வைத்தியர் முதலில் நாக்கைப் பார்ப்பார், நாடி பிடிப்பார். காய்ச்சல், தாகம், தொண்டை எரிச்சல் இருந்தால் 'காற்றும் சூடும் உடம்புக்குள் புகுந்து விட்டது' என்பது அவர்கள் கணக்கு. சூட்டைத் தணிக்கும் மூலிகைதான் இதற்கு மருந்து.

பானையில் பூக்கும் உப்பு

தர்பூசணித் துண்டுகளோடு சோடியம் சல்பேட் உப்பை சேர்த்து மண்பானையில் மூடி, காற்றோட்டமான இடத்தில் வைப்பார்கள். கொஞ்ச நாளில் பானையின் வெளிப்பக்கம் வெள்ளை வெளேர்னு உப்பு பூக்கும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் 'சி குவா ஷுவாங்'. தர்பூசணி உறைபனி என்று அர்த்தம்.

நம்ம அதிமதுரம்

சுமார் 1,800 வருஷத்துக்கு முன்பே சாங் சோங்ஜிங் என்ற சீன வைத்தியர், தொண்டை வலிக்கு கஷாயம் எழுதி வைத்திருக்கிறார். அதில் 2 சரக்குதான். ஒன்று, 'ஜியெ கெங்' என்ற செடியின் வேர். இன்னொன்று, நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அதிமதுரம்! 1798-ல் வூ ஜூடோங் என்பவர் எழுதிய நூலில் ஹனிசக்கிள் பூ, புதினா எல்லாம் சேர்ந்த மருந்து வருகிறது. இன்றைக்கும் சீனாவில் அது மாத்திரையாக விற்கிறது.

பலன் உண்டா?

இந்த மூலிகைகள் பற்றிய ஆய்வுகளை காக்ரேன் அமைப்பின் நிபுணர்கள் 2012-ல் அலசினார்கள். சிலவற்றில் பலன் தெரிந்தது. ஆனால் ஆய்வுகளின் தரம் போதாததால், சிபாரிசு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அசட்டை வேண்டாம்

தொண்டை வலி பெரும்பாலும் வைரசால் வருவது. ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' பாக்டீரியா என்றால் கதையே வேறு. கவனிக்காமல் விட்டால், முக்கியமாக குழந்தைகளுக்கு, மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வே கெட்டுப்போகலாம். அதற்கு டாக்டர் எழுதித் தரும் ஆன்டிபயாடிக்தான் மருந்து. கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

எச்சில் கூட முழுங்க முடியலையா, மூச்சு திணறுதா, வாய் திறக்க வரலையா? உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தை நாள் கணக்கில் சாப்பிடக் கூடாது. அது அழுத்தத்தை ஏற்றிவிடும்.