கதவின் குறியும் கணனியின் சூத்திரமும்

கட்டட வரைபடத்தில் கதவு கதவாகத் தோன்றுவதில்லை. சுவரில் ஓர் இடைவெளியும், கதவு எப்பக்கம் திறக்கும் என்பதைக் காட்டும் வில் போன்ற ஒரு கோடுமே அங்கு உள. ஒற்றைக் கதவுக்கு ஒரு வில். இரட்டைக் கதவுக்கு இரண்டு. முன்னாளில் படவரைஞர் இவற்றைக் கவராயங்கொண்டு வரைந்தனர். கதவின் அகலம் மாறினால் அழித்து மீண்டும் வரைவதன்றி வேறு வழி இருக்கவில்லை.

2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ரெவிட் என்னும் கட்டட வரைவு மென்பொருளில் இவ்வேலை வேறு விதமாக நடைபெறுகின்றது. கதவின் மாதிரியை முதன்முறை அமைக்கும்போதே, ஒற்றை வில், இரட்டை வில் ஆகிய இரண்டையும் அதனுள் வரைந்துவிடுவர். எது தோன்றுவது, எது மறைவது என்பதை ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டு விடைகளை மட்டுமே ஏற்கும் ஓர் அளபுரு தீர்மானிக்கும். அவ்விடையைச் சூத்திரமொன்றிலிருந்து பெறவும் இயலும். ‘அகலம் 1200 மில்லிமீற்றரிலும் கூடியது’ என்று எழுதிவைத்தால், 1500 மில்லிமீற்றர்க் கதவுக்கு இரட்டை வில் தானே தோன்றும். சூத்திரத்துக்கு உட்பட்ட விடையை, படத்தில் கதவைப் பொருத்துபவர் தம் கையால் மாற்ற முடியாது. மறதிக்கு இடமில்லை என்பதே இதன் பெரும் பயன்.

ஆயினும், சூத்திரம் எழுதுவோரின் மறதிக்கு இடமுண்டு. இரட்டை வில்லுக்கு ‘1200 இலும் கூடியது’ என்றும், ஒற்றை வில்லுக்கு ‘1200 இலும் குறைந்தது’ என்றும் எழுதினால் இரண்டும் சரியெனவே தோன்றும். மென்பொருளும் மறுப்புக் கூறாது. ஆனால் அகலம் சரியாக 1200 ஆக இருக்கும் கதவு எதிலும் அடங்காது; அதன் இடத்தில் வில்லே இல்லாத வெறும் இடைவெளிதான் தெரியும். ‘கூடியது அல்லது சமமானது’ என்னும் ஒற்றைக் குறியை இதன் சூத்திரங்கள் ஏற்பதுமில்லை. ஆகவே, இரண்டாவது சூத்திரத்தைப் புதிதாக எழுதாது, ‘நொட்’ என்னும் சொல்லைக் கொண்டு முதலாவதன் மறுதலையாக அமைப்பதே முறை. அப்பொழுது எந்த அகலத்திலும் இரண்டில் ஒன்று தோன்றும், ஒன்று மறையும்.

இதனினும் பொருட்செலவுள்ள தவறொன்று உண்டு. கதவு மாதிரியினுள் கைபிடியைத் தனியே எண்ணத்தக்க உறுப்பாக வைப்பது வழக்கம். இரட்டைக் கதவுக்கென வைத்த இரண்டாம் கைபிடி, ஒற்றைக் கதவில் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் பொருட்பட்டியல் அதனையும் சேர்த்தே எண்ணும். மறைந்தது என்பது வேறு, இல்லை என்பது வேறு. ஐம்பது ஒற்றைக் கதவுகளுள்ள கட்டடத்துக்கு நூறு கைபிடிகள் வாங்குமாறு பட்டியல் கூறும். இதைத் தவிர்க்க, கதவின் அதே ஆம்–இல்லை விடையைக் கைபிடிக்கும் தொடர்புபடுத்தி, ‘ஆம்’ என்று நிற்பனவற்றை மட்டும் எண்ணும்படி பட்டியலை வடிகட்டிக்கொள்வர்.