மலிவு விலை ரைபிளில் எங்கே சிக்கனம் செய்கிறார்கள்?

போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் கதவுத் தாழ்ப்பாள் போலத்தான் வேலை செய்கிறது. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே போகும். கைப்பிடியைக் கீழே மடக்கியதும் போல்டின் தலையிலுள்ள எஃகுப் பற்கள் காடிகளில் மாட்டிப் பூட்டிக்கொள்ளும்.

பூட்டிய போல்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி துல்லியமாக இருக்க வேண்டும். கூடினால் தோட்டாக் கூடு கிழியக்கூடும். குறைந்தால் போல்ட் பூட்டாது. தேர்ந்த கைவேலைக்காரர்கள் ஒவ்வொரு துப்பாக்கியிலும் இதைப் பொறுமையாகப் பொருத்திப் பார்த்தார்கள். விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். நிக்கோலஸ் புரூவர் வடிவமைத்து, 1958-இல் அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் வெளியிட்ட ‘110’ இதற்கு வழி கண்டது. தோட்டா உட்காரும் அறைக்குள் ஓர் அளவுக்கட்டையை வைத்து, போல்டைப் பூட்டி, குழலை அது முட்டும்வரை திருகி, ஒரு நட்டால் இறுக்கிவிட்டால் போதும். இன்றைய மலிவு ரைபிள்கள் நன்றாகச் சுடுவதற்கு இந்த நட்டுக்கு நான் பெரும் பங்கு கொடுப்பேன்.

அதே நிறுவனத்தின் ‘ஆக்ஸிஸ்’, ரூகர் நிறுவனத்தின் ‘அமெரிக்கன்’ இரண்டிலும் இந்த நட்டு உண்டு. பழைய ஆக்ஸிஸின் போல்டைத் திறக்கக் கைப்பிடியை 90 டிகிரி தூக்க வேண்டும். அமெரிக்கனில் மூன்று பற்கள் இருப்பதால் 70 டிகிரி போதும். மேலே பொருத்திய தொலைநோக்கியில் கை இடிக்காது. ஆனால் உள்ளே இருக்கும் சுருள்வில்லைக் குறைந்த தூரத்திலேயே அழுத்த வேண்டியிருப்பதால், தூக்கும்போது கைக்குச் சற்றுக் கனமாகத் தெரியும்.

விசையிலும் முன்னேற்றம் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் வரக்கூடிய வழக்குக்குப் பயந்து விசையைக் கடினமாக வைத்து விற்ற காலம் உண்டு. விசையின் நடுவில் ஒரு மெல்லிய தகட்டைச் சேர்த்து, அதை அழுத்தினால் மட்டுமே விசை விடுபடும்படி சாவேஜ் செய்தது. துப்பாக்கி கீழே விழுந்தாலும் வெடிக்காதபடி காத்துக்கொண்டே விசையை இலகுவாக்க முடிந்தது. அமெரிக்கனிலும் இத்தகைய தகடு உண்டு. ஆக்ஸிஸின் அடிப்படை மாதிரி இது இல்லாமல்தான் சந்தைக்கு வந்தது.

சிக்கனம் கண்ணுக்குத் தெரிவது கட்டையில். வால்நட் மரத்துக்குப் பதில் வார்த்த பிளாஸ்டிக். பழைய ஆக்ஸிஸின் முன்கட்டை கிளையில் சாய்த்து அழுத்தினால் வளைந்து குழலைத் தொட்டுவிடும், குறி விலகும். அமெரிக்கனில் உலோக உடல் எஃகுக் கட்டிகளின் மேல் அமர்ந்திருப்பதால் அதன் இருக்கை உறுதி.

இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால் என் கை அமெரிக்கனுக்கே போகும். கடையில் வாங்குமுன், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து ஓட்டிப் பாருங்கள். முன்கட்டையைக் கையால் அழுத்திக்கொண்டு மறுபடி ஓட்டுங்கள். தாள் சிக்கினால் வேறொன்றைக் கேளுங்கள்.