நோய்க்கு எண் இடும் தொழில்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் பட்டம் பெற்ற விவசாயிகளின் மக்கள் சிலர் ‘மெடிக்கல் கோடிங்’ பயில முன்வருகின்றனர். அது யாது எனப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நம்மை வினவுவதுண்டு.

வைத்தியர் எழுதிய குறிப்பைப் படித்து, உலக சுகாதார நிறுவனம் அந்நோய்க்கு வகுத்துள்ள எண்ணை இடுவதே இத்தொழில். அமெரிக்காவில் காப்பீட்டுப் பணம் பெறுதற்கும் இத்தகைய எண்கள் இன்றியமையாதன. அந்நாட்டுக் கணக்குகளைச் செய்யும் கம்பெனிகள் சென்னையில் பல உள.

வயலில் மயங்கி வீழ்ந்த ஒருவரை முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதாகக் கொள்வோம். பத்தாம் திருத்தப் பட்டியலில் பாம்பு நஞ்சுக்கு டி 63.0, பூச்சிமருந்து நஞ்சுக்கு டி 60. குறிப்பில் ‘விஷம்’ என்று மட்டும் இருப்பின் ஊகித்து எண் இடலாகாது. வைத்தியரைக் கேட்டே தெளிதல் வேண்டும். பாம்பு தீண்டியவர் பூச்சிமருந்து அருந்தியவராகக் கணக்கேறினால், எவ்வூர்ப் பக்கம் நஞ்சுமுறி மருந்து மிகுதியும் வேண்டும் என்பது எங்ஙனம் புலப்படும்? 2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அவசியம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்ததன் நோக்கமும் இக்கணக்கே.

உடற்கூறு, உடலியல், மருத்துவச் சொற்கள், பட்டியலைக் கையாளும் முறை ஆகியவை பாடங்கள். விலங்கியல், செவிலியம், மருந்தியல் கற்றோர்க்கு எளிது. புதுவை ஜிப்மரிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவப் பதிவேட்டுப் பயிற்சி நடைபெற்று வந்துள்ளது. அவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்க.

‘வேலை நிச்சயம்’ என்ற சொல்லை நம்பி, நிலத்தை ஈடு வைத்துத் தனியார் நிலையம் ஒன்றில் பணம் கட்டிய தந்தை ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவரிடம் ரசீதுகூட இல்லை. எத்தேர்வுக்குப் பயிற்றுகின்றனர், சென்ற ஆண்டு பயின்றோர் எங்கே பணிபுரிகின்றனர் என்பவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே கட்டணம் செலுத்துக.