சாயம் கடைசி வேலை: துருப்பிடித்த கஞ்சில் காரைச் சீர்செய்வது எப்படி?

நம் நாட்டில் பல குடும்பங்கள் முதன்முதலாக வாங்கிய கார் பெரோடுவா கஞ்சில். 1994ஆம் ஆண்டு அறிமுகமான இந்தச் சிறிய வண்டி, ஜப்பானின் டைஹாட்சு மீரா காரை அடிப்படையாகக் கொண்டது. 660 சிசி, மூன்று சிலிண்டர் இயந்திரத்துடன் முதலில் வந்தது. பின்னர் 850 சிசி வகையும் வந்தது. 2009இல் அதன் தயாரிப்பு நின்றுபோனது. முதலில் வந்த கஞ்சில்கள் இப்போது 30 வயதைத் தாண்டிவிட்டன.

ஆனாலும் அதை விட மனமில்லாதவர்கள் பலர். அப்பா வேலைக்கு ஓட்டிச் சென்ற வண்டி, பிள்ளைகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி என்ற பாசம் ஒரு பக்கம். குறைந்த பெட்ரோல் செலவு, தீபகற்பத்தில் ஆண்டுக்கு 20 ரிங்கிட் மட்டுமே சாலை வரி என்ற கணக்கு இன்னொரு பக்கம். அதனால் பழைய கஞ்சிலுக்குப் புதுச் சாயம் அடித்து மீண்டும் ஓட்ட வேண்டும் என்ற ஆசை பலருக்கு எழுகிறது.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். சாயம் அடிப்பது இந்த வேலையின் கடைசிக் கட்டம். வண்டியின் ஆயுளையும் அதில் உட்கார்ந்து செல்பவர்களின் பாதுகாப்பையும் தீர்மானிப்பது சாயத்துக்கு அடியில் இருக்கும் தகடு. துருவை அப்படியே விட்டு மேலே பளபளப்பாக அடித்தால், சில மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் கொப்புளம் எழும். கொடுத்த பணமும் போய்விடும்.

துரு எங்கிருந்து வருகிறது?

இரும்பு, காற்றிலுள்ள உயிர்வாயு, ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு அதன் வேகத்தைக் கூட்டும். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் நிறைந்த நம் நாட்டில், அதிலும் கடலோர ஊர்களில், பழைய கார்களைத் துரு விடாமல் துரத்துவதற்கு இதுவே காரணம்.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சாயத்தை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு கொப்புளமாக எழுகிறது. வெளியே பத்து காசு அளவில் தெரியும் கொப்புளத்தைச் சுரண்டினால், உள்ளே உள்ளங்கை அளவுக்குத் தகடு அரித்துப் போயிருக்கலாம். பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துரு வருவதே இதற்குக் காரணம்.

இப்படிப்பட்ட சிறிய கார்களில் துரு விரும்பும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பின் சக்கர வளைவுகள், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் அடிச்சட்டங்கள், கதவுகளின் அடி விளிம்பு, தூக்கித் திறக்கும் பின் கதவின் கீழ் விளிம்பு, உபரி டயர் வைக்கும் குழி, கால்மிதிக்கு அடியிலுள்ள தரைத் தகடு, முன் கண்ணாடியின் ஓரங்கள் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. முன் அப்சோபர் பொருத்தப்பட்டிருக்கும் மேல்பகுதியையும் பொனெட்டைத் திறந்து பார்ப்பது அவசியம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா உள்ளிட்ட பகுதிகளில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியில் சேற்று நீர் சட்டங்களின் உள்ளே புகுந்து தங்கிவிடும். வெளியே சுத்தமாகத் துடைத்திருந்தாலும், கம்பளத்துக்கு அடியிலும் சீட் பெல்ட் உள்ளிழுக்கும் பகுதியிலும் காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் கதை தெரிந்துவிடும்.

செலவு செய்யும் முன் ஒரு மணி நேரச் சோதனை

பட்டறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், வண்டியைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி ஒரு மணி நேரம் சோதித்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

முதலில், மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தைச் சக்கர வளைவுகளிலும் அடிச்சட்டங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகட்டுக்குப் பதிலாகத் தடித்த புட்டி இருக்கிறது என்று பொருள். அடுத்து, ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் அடிப்பகுதியை மெதுவாகத் தட்ட வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும், சில இடங்களில் உதிரவும் செய்யும். பிறகு கால்மிதியையும் கம்பளத்தையும் தூக்கி, ஈரமும் பழுப்பு நிறமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையில் கதவு, மட்கார்டு, பொனெட் ஆகியவற்றில் மட்டும் துரு தெரிந்தால் கவலை குறைவு. அவை போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடியவை. 'கெடாய் போத்தோங்' என்று நாம் அழைக்கும் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் கிடைக்கும். அடிச்சட்டம், தரைத் தகடு, அப்சோபர் மேல்பகுதி, சீட் பெல்ட் பிடிமானம் ஆகியவை அப்படியல்ல. அவை வண்டியின் எலும்புக்கூடு. விபத்தில் மோதலின் வேகத்தைத் தாங்க வேண்டியவை அவைதான். அங்கே துரு துளைத்திருந்தால் அதைப் புட்டி வைத்து மூடுவது அழகுக் குறைபாட்டை மறைப்பது ஆகாது. ஆபத்தை மறைப்பது ஆகும்.

கழற்றுவதிலும் ஒழுங்கு வேண்டும்

முழுமையாகச் சாயம் அடிக்க வேண்டுமானால் பம்பர், விளக்குகள், பக்கக் கண்ணாடிகள், கதவுப் பிடிகள், ரப்பர் பட்டைகள், இருக்கைகள், கம்பளம் என எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாளும் டேப்பும் ஒட்டி மறைத்து அடித்த சாயம், ரப்பரின் ஓரத்தில்தான் முதலில் உரியத் தொடங்கும்.

கழற்றும் முன் பேட்டரியின் எதிர்முனை வயரை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்பும் பின்பும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. திருகுகளையும் கிளிப்புகளையும் தனித்தனிப் பைகளில் போட்டு, எந்த இடத்துக்கு உரியவை என்று எழுதி வைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பூட்டும்போது நினைவை நம்ப முடியாது.

பின் கதவைக் கழற்ற இரண்டு பேர் தேவை. அதைத் தாங்கும் தண்டுகளை எடுத்த அடுத்த நொடியே கதவு கனத்தோடு தலையில் இறங்கும். முன் கண்ணாடியைக் கழற்றுவதைக் கண்ணாடி வேலை தெரிந்தவரிடம் விடுவதே சிக்கனம்.

வெட்டு, ஒட்டு: இரும்பு வேலை

இரும்பு வேலையில் ஒரே விதிதான். துருப்பிடித்த தகட்டைப் பளிச்சென்ற நல்ல தகடு தெரியும் வரை வெட்டி எடுக்க வேண்டும். அரித்த தகட்டின் மேல் புதிய தகட்டை வைத்து வெல்டிங் செய்தால் பிடிக்காது, பிடித்தாலும் நிலைக்காது.

அடிச்சட்டத்தை வெட்டும்போது கார் தன் நிலையிலிருந்து வளைந்துவிடும் அபாயம் உண்டு. அதனால் சமமான தரையில், நான்கு உறுதியான தாங்கிகளின் மேல் வண்டியை நிறுத்த வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி பொருத்திவிட்டே வெட்ட வேண்டும். வேலையின் இடையே கதவைப் பொருத்தி, சரியாக மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். எல்லாம் ஒட்டி முடித்த பிறகு கதவு மூடவில்லை என்றால் மறுபடியும் வெட்டுவதைத் தவிர வழியில்லை.

காரின் உடல் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த தடிமன் கொண்டது. ஒரே இழுப்பில் நீளமாக வெல்டிங் செய்தால் சூட்டில் நெளிந்துவிடும். சிறு சிறு புள்ளிகளாக, இடம் மாற்றி மாற்றி, ஆற விட்டு ஒட்டுவதே முறை.

வெல்டிங் தொடங்கும் முன் பெட்ரோல் தொட்டியைக் கழற்றி வண்டியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கம்பளம், ஒலி தடுக்கும் தார்ப்பட்டை, வயர்கள் ஆகியவை தீப்பொறி படும் தூரத்தில் இருக்கக் கூடாது. தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை வண்டியைச் சுற்றிப் பார்ப்பது நல்லது. தீ உள்ளே புகைந்துகொண்டிருந்து பிறகு பற்றுவது உண்டு.

வெறும் தகட்டை ஒரு நாள்கூட விடக் கூடாது

சாயத்தைத் தேய்த்து எடுத்த தகடு நம் ஊர்க் காற்றில் சில மணி நேரத்திலேயே மங்கலாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். வெறுங்கையால் தொட்டாலே வியர்வையின் உப்பு படிந்துவிடும். எனவே ஒரே நாளில் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, எபாக்சி பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

துருவை மாற்றும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. தகட்டின் மேல் மெல்லிதாகப் படிந்த துருவுக்கு அது உதவும். துளை விழுந்த தகட்டை எந்தத் திரவமும் திரும்பக் கொண்டுவராது.

புட்டியின் வேலை, நெளிவைச் சமப்படுத்துவது மட்டும்தான். அதை ஓரிரு மில்லிமீட்டருக்குள் வைத்திருப்பது நல்லது. ஓட்டையை அடைக்கப் புட்டியைப் பயன்படுத்தினால், அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தகட்டை உள்ளிருந்தே மேலும் அரிக்கும்.

தேய்ப்பதற்கு மணல் தாளின் வரிசை முக்கியம். புட்டியை 80 எண் தாளில் தொடங்கி 180க்குப் போக வேண்டும். அதன்மேல் அடிக்கும் பிரைமரை 320, 400 எனத் தேய்த்து, சாயத்துக்கு முன் 600 அல்லது 800இல் முடிக்கலாம். பிரைமரின் மேல் கறுப்புச் சாயத்தை மெல்லிய தூறலாகத் தெளித்துவிட்டுத் தேய்த்தால், பள்ளமான இடங்களில் கறுப்பு அப்படியே தங்கி, குறையைக் காட்டிக்கொடுக்கும்.

சாயம்: அழகும் ஆபத்தும்

மழை நாளில் சாயம் அடிக்கக் கூடாது என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். ஈரம் சாயத்துக்குள் சிக்கினால் வெண்மையாகப் பூத்துவிடும். கம்பிரசரின் தொட்டியில் சேரும் நீரை அடிக்கடி வடித்துவிட வேண்டும். காற்றுக் குழாயில் ஈரம் வடிகட்டும் கருவியும் வேண்டும்.

இதைவிட முக்கியமானது மூச்சு. இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் இன்றைய பிரைமரிலும் கிளியர் பூச்சிலும், கெட்டியாக்கும் திரவத்தில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் பெரும்பாலும் இருக்கும். அதைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு எதிர்வினை காட்டத் தொடங்கினால், பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். துணி முகக்கவசமோ மருத்துவ முகக்கவசமோ இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடியும் முறையான தெளிப்பு அறையும் தேவை. தேய்க்கும் வேலையை வீட்டில் செய்யலாம். கிளியர் பூச்சை வீட்டின் கார் நிறுத்துமிடத்தில், பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் இருக்கும் இடத்தில் அடிப்பது சரியல்ல.

நிறத்தை மாற்றுவதாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. காரின் நிறம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யின் பதிவில் உள்ளது. அதற்கான நடைமுறையைச் சாயம் அடிக்கும் முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டு, பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிப்பது நல்லது. பழைய நிறத்திலேயே அடித்தால் இந்த அலைச்சல் இல்லை.

முடிந்த பிறகும் முடியாத வேலை

சாயம் காய்ந்த பிறகு, அடிச்சட்டம், கதவு ஆகியவற்றின் உள்பக்கம் மெழுகுத் திரவத்தைத் தெளிக்க வேண்டும். புதிய வெல்டிங்கின் உள்பக்கத்தைக் காப்பது அதுதான். கதவின் அடியிலும் அடிச்சட்டத்திலும் உள்ள நீர் வடியும் துளைகளைப் புட்டியோ சாயமோ அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவை அடைபட்டால் துரு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

பட்டறையில் விலை கேட்கும்போது மொத்தமாக ஒரு தொகையைக் கேட்காமல், கழற்றிப் பூட்டுவதற்கு எவ்வளவு, இரும்பு வேலைக்கு எவ்வளவு, தேய்ப்புக்கும் பிரைமருக்கும் எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். இரும்பு வேலை முடிந்து, பிரைமர் அடிப்பதற்கு முன், வண்டியை நேரில் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். ஒளிக்க எதுவும் இல்லாத பட்டறை இதற்கு மறுப்புச் சொல்லாது. நேரில் போக முடியாதவர்கள் அந்தக் கட்டத்தின் படங்களையாவது கேட்டு வாங்கலாம்.

சோதனையின் முடிவில் எலும்புக்கூடே அரித்துவிட்டது என்று தெரிந்தால், அந்த வண்டிக்கு விடை கொடுத்துவிட்டு, அதன் நல்ல பாகங்களை இன்னொரு கஞ்சிலுக்குக் கொடுப்பதும் ஒரு மறுவாழ்வுதான். எலும்புக்கூடு உறுதியாக இருந்தால், பொறுமையோடு செலவிடும் ஒவ்வொரு ரிங்கிட்டும் வீண் போகாது.