பெனோனியும் ஈஸ்ட் லண்டனும்: இரண்டாம் படியின் கிரிக்கெட்

ஜோகன்னஸ்பர்க்கிற்குக் கிழக்கே, தங்கச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர் பெனோனி. அங்குள்ள வில்லோமூர் பார்க் மைதானத்தில்தான் 1948 டிசம்பரில் இங்கிலாந்தின் டெனிஸ் காம்ப்டன் 181 நிமிடங்களில் முச்சதம் அடித்தார். அரை நூற்றாண்டு கழித்து, 2002-03 பருவத்தில், அந்த ஊர் அணியான ஈஸ்டர்ன்ஸ் தென்னாப்பிரிக்காவின் முதல்தரப் பட்டத்தையே வென்றது. கேப் டவுன், டர்பன் போன்ற பெருநகர அணிகள் ஆடிய அதே தொடரில், அவற்றுக்குச் சமமாக நின்று வென்ற பட்டம் அது. ஈஸ்டர்ன்ஸில் வளர்ந்த ஆல்பி மோர்க்கலைச் சேப்பாக்கம் மறந்திருக்காது. 2012 ஐபிஎல்லில் விராட் கோலியின் ஒரே ஓவரில் 28 ரன் எடுத்து, கைநழுவிய ஆட்டத்தைச் சென்னைக்கு மீட்டுக் கொடுத்தவர் அவர்.

பட்டம் வென்ற மகிழ்ச்சி அடங்குவதற்குள் ஈஸ்டர்ன்ஸின் இடம் பறிபோனது. 2004-இல் 11 மாகாண அணிகளை ஆறாகச் சுருக்கினார்கள். ஈஸ்டர்ன்ஸ் பக்கத்து நார்தர்ன்ஸோடு இணைந்து டைட்டன்ஸ் ஆனது. ஈஸ்ட் லண்டனின் பார்டர், ஈஸ்டர்ன் புராவின்ஸோடு சேர்ந்து வாரியர்ஸ் ஆனது. நல்ல ஆட்டக்காரர்கள் ஆறே அணிகளில் திரண்டால் தரம் உயரும் என்பது கிரிக்கெட் வாரியத்தின் கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. ஆனால் மாகாண அணிகள் கலையவும் இல்லை. அரைத்தொழில்முறை அணிகளாக ஒரு படி கீழே தங்களுக்குள் மோதிக்கொண்டிருந்தன. ஆட்டக்காரர் தனியாளாக மேலே போகலாம். நாகப்பட்டினத்தில் வேர்கொண்ட குடும்பத்தில் டர்பனில் பிறந்த சேனுரன் முத்துசாமி, குவாஸுலு-நடால் மாகாண அணியில் ஆடித்தான் ஆறு அணிகளில் ஒன்றான டால்பின்ஸுக்கும், 2019-இல் டெஸ்ட் அணிக்கும் போனார். அணிக்கு மட்டும் அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. எத்தனை கோப்பை வென்றாலும் அடுத்த ஆண்டும் அதே இடம்தான். ஊர்க்காரர்கள் எதை நம்பி மைதானத்துக்கு வருவார்கள்?

2015-இல் வந்த ஆப்பிரிக்கா டி20 கோப்பை கொஞ்சம் உயிர் கொடுத்தது. 13 மாகாண அணிகளோடு நமீபியா, கென்யா, ஜிம்பாப்வே என 16 அணிகள். கென்யாவின் தேசிய அணி ஒரு சிறு மாகாணத்தை எதிர்த்து ஆடுகிறது என்றால் அந்த ஆட்டத்துக்கு ஒரு மரியாதை வந்துவிடும். ஆனாலும் கோப்பையோடு வீடு திரும்பியவர்களின் நிலை மாறவில்லை.

மாறியது 2021-இல். ஆறு அணி முறை கைவிடப்பட்டது. 15 மாகாண அணிகள் சொந்த அடையாளத்தில் வந்தன: முதல் பிரிவில் எட்டு, இரண்டாம் பிரிவில் ஏழு. இரண்டு பருவங்களின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து ஓர் அணி ஏறும், ஓர் அணி இறங்கும் என்று அப்போது முடிவானது. முதல் பருவத்தின் தொடக்கத்திலேயே 15 அணிகளையும் 19 வயதுக்குட்பட்டோர் தேசிய அணியையும் ஒரே டி20 நாக் அவுட் தொடரில் இறக்கினார்கள். கேப் கோப்ராஸ் என்ற கூட்டு அணிக்குள் 17 ஆண்டுகள் அடங்கிக் கிடந்த போலண்ட், ராக்ஸ் என்ற பெயரில் வந்து கோப்பையைத் தூக்கியது. அதே தொடரில் இளையோர் அணிக்காகத் தன் முதல் டி20 ஆட்டத்தை ஆடிய பையன் டிவால்ட் பிரேவிஸ்; 2025-இல் சென்னையின் மஞ்சள் சட்டையில் நாம் பார்த்த அதே பிரேவிஸ்.

கதவு திறந்தது வெறும் பேச்சல்ல என்பதற்கு புளூம்ஃபோன்டெய்ன் சாட்சி. 2004-இல் நாட்டின் முதல் டி20 பட்டத்தை வென்றது அந்த ஊரின் ஈகிள்ஸ். பின்னாளில் நைட்ஸ் என்று பெயர் மாறிய அந்த அணி, 2022-23 முடிவில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் குவாஸுலு-நடால் இன்லண்ட் மேலே வந்தது. 2003 உலகக் கோப்பையில் சமிந்த வாஸ் முதல் மூன்று பந்துகளிலேயே மூன்று விக்கெட் எடுத்த சிட்டி ஓவல்தான் அதன் களம்.

இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் பார்டர் விஷயத்தில் மனம் ஆறவில்லை. கிழக்கு கேப்பின் மிஷன் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கிரிக்கெட் ஆடினார்கள். சுற்றியுள்ள கிராமங்களில் அது தலைமுறைகளாக ஆடப்படுகிறது. தென்னாப்பிரிக்காவுக்கு ஆடிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கரான மகாயா என்டினி, ம்டிங்கி கிராமத்தில் மாடு மேய்த்தவர். அப்படிப்பட்ட பகுதியின் அணியை 2021-இல் இரண்டாம் பிரிவில் வைத்தார்கள். அணிகளைப் பிரித்தபோது ஆட்டத்தோடு நிதியும் நிர்வாகமும் எடைபோடப்பட்டன. நிறவெறி ஆட்சி வறுமையில் தள்ளிய ஒரு பகுதியை நிதிநிலை கொண்டு அளப்பது எப்படி நியாயம்? முதல் பிரிவு அணிக்கு 16 ஊதிய ஒப்பந்தங்கள், இரண்டாம் பிரிவுக்கு 11 என்றுதான் புதிய முறை தொடங்கியது. 11 பேரில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் காயத்தில் படுத்தால், முழுநேரச் சம்பளம் பெறும் மாற்று ஆள் கிடையாது.

2023 ஜனவரியில் எஸ்ஏ20 வந்தபின் இடைவெளி இன்னும் பெரிது. ஆறு அணிகளையும் ஐபிஎல் உரிமையாளர்களே வாங்கினார்கள். சென்னைக்கு ஜோபர்க் சூப்பர் கிங்ஸ். ஈஸ்ட் லண்டனுக்கோ பெனோனிக்கோ அதில் அணி இல்லை. அந்தத் தொடரின் வருமானத்தில் ஒரு பங்கை இரண்டாம் பிரிவின் ஒப்பந்தங்களுக்கு ஒதுக்கலாம். 2021-இல் நடத்தியதுபோல் இரு பிரிவும் மோதும் டி20 கோப்பையை ஆண்டுதோறும் நடத்தி, சில ஆட்டங்களை ஈஸ்ட் லண்டனின் பஃபலோ பார்க்கில் வைக்கலாம். ம்டிங்கியிலிருந்து ஒரு பையன் காலையில் கிளம்பி வந்து முழு ஆட்டமும் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தூரம்தான் அது.