வீடு கட்டப் பணம் மட்டும் போதுமா?



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நமது கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தபோது ஒரு சகோதரி அழுதபடி இப்படிக் கேட்டார்: "மேடம், மாசம் ஆயிரம் ரூபான்னு நாலு வருஷம் தவணை கட்டி மனை வாங்கினேன். பத்திரம் என் பேர்லதான் இருக்கு. வீடு கட்ட அரசாங்கப் பணம் கேட்டா, மனைக்கு அப்ரூவல் இல்லைன்னு மனுவைத் திருப்பிட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. பணம் ஒரு பக்கம், நில விதி இன்னொரு பக்கம் என்ற விவரத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பணம் எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டில் 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 2021 முதல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். மத்திய அரசின் 'அனைவருக்கும் வீடு' (பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா) நகர்ப்புறத் திட்டம் 2015-இல் வந்தது. அதன் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் 5 ஆண்டுகளுக்கு, 1 கோடி குடும்பங்களை இலக்காக வைத்துத் தொடங்கியது.

சொந்த மனையில் வீடு கட்டுபவருக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. மாநில அரசின் பங்கு அதற்கு மேல். பணம் மொத்தமாக வராது. வேலை நடக்க நடக்கப் படம் எடுத்துப் பதிவு செய்து, தவணையாகத்தான் தருவார்கள். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் எங்கும் சொந்தமாகக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. வீடு குடும்பத் தலைவியின் பேரிலோ, கணவன் மனைவி இருவர் பேரிலோ இருக்கலாம். பெண்கள் பேரில் வீடு என்பது பெரிய விஷயம். விட்டுக்கொடுத்து விடாதீர்கள்.

நில விதி என்றால் என்ன?

ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு வரைபடம் உண்டு. எது குடியிருப்புப் பகுதி, எது வணிகம், எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று அதில் பிரித்திருப்பார்கள். சென்னைப் பெருநகருக்கு சி.எம்.டி.ஏ. இதைப் பார்க்கிறது. மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டி.டி.சி.பி. பார்க்கிறது. விவசாய நிலத்தைத் துண்டு போட்டுக் கல் நட்டு விற்றால் அது வீட்டு மனை ஆகிவிடாது.

இன்னொரு விதி, ஒரு மனையில் மொத்தம் எத்தனை சதுர அடி கட்டலாம் என்பது. எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். தமிழ்நாட்டில் சாதாரண உயரக் கட்டடங்களுக்கு ஒன்றரை மடங்காக இருந்ததை 2019 விதிகளில் 2 மடங்காக உயர்த்தினார்கள்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 சதுர அடி மனை, விலை 24 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மடங்கு என்றால் 1,800 சதுர அடி கட்டலாம். 400 சதுர அடியில் 4 வீடு வரும். ஒரு வீட்டின் தலையில் நிலத்துக்கு மட்டும் 6 லட்சம் விழும். 2 மடங்கு என்றால் 2,400 சதுர அடி, 6 வீடு. நிலச் செலவு 4 லட்சமாகக் குறைகிறது. மாடிப்படி, சுற்றி விடும் இடம் எல்லாம் போக இது கொஞ்சம் மாறும். ஆனால் ஒன்று புரிகிறது. விதியில் ஒரு வரி மாறினால் வீட்டின் விலையே மாறும்.

விதியை மட்டும் தளர்த்தினால் ஏழைக்கு வீடு வந்துவிடுமா? வராது. கட்டுகிறவர் பெரிய வீடாகக் கட்டி விற்றுவிட்டுப் போய்விடலாம். அதனால்தான் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை ஏழைகளுக்கான சிறு மனைகளாக ஒதுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

பணம் மட்டும் இருந்தாலும் போதாது. சென்னையில் 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வாரியம் ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டியது. நகருக்குள் இடம் கிடைக்காமல் தூரத்தில் கட்டினார்கள். வீடு கிடைத்தது, ஆனால் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பல பெண்களுக்குப் பிழைப்பு போனது. பஸ் செலவே கூலியைத் தின்றது. ஒரு மாட்டை மட்டும் பூட்டினால் வண்டி நேராக ஓடுமா? பணமும் நில விதியும் சேர்ந்து இழுத்தால்தான் வேலைக்குப் பக்கத்தில் வீடு வரும்.

நம் சகோதரியின் கதை

அவர் மனை வாங்கியது 2013-இல். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறை செய்ய 2017-இல் விதிகள் வந்தன. இது தெரியாமலே அவர் இருந்துவிட்டார். பிறகு குழுவில் உள்கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, அலைந்து ஆணை பெற்றார். இப்போது அஸ்திவாரம் போட்டிருக்கிறார். அதே மனைப்பிரிவில் வாங்கிய இன்னொரு உறுப்பினரின் மனை ஓடைப் புறம்போக்கில் வருகிறது. நீர்நிலையில் வரும் மனையை வரன்முறை செய்ய முடியாது. அவர் கட்டிய தவணை அத்தனையும் வீண்.

முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

1. மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அனுமதி எண் இருக்கிறதா? வெறும் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்றால் நம்பாதீர்கள்.

2. நிலம் எந்த உபயோகப் பகுதியில் இருக்கிறது? ஏரி, ஓடை, புறம்போக்கு ஏதாவது சேர்கிறதா?

3. பட்டா யார் பேரில்? வில்லங்கச் சான்று பார்த்தீர்களா?

4. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் 'ரெரா' பதிவு எண் எங்கே?

மனை சரியாக இருந்தால் மற்றது சுலபம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்தில் உடனடி அனுமதி பெறலாம்.

மனை வைத்திருக்கும் உறுப்பினர்கள் அடுத்த பகுதிக் கூட்டத்துக்குப் பத்திர நகலோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். மனை இல்லாதவர்களும் வாருங்கள். நகராட்சியில் புதிய மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது, அந்த 10 சதவீதம் எங்கே என்று கேட்டுத் தீர்மானம் போடுவோம். தனியாகக் கேட்டால் மனு, சேர்ந்து கேட்டால் பதில்!