தாய்மையின் சுமை தாங்கும் தசைகள்

1997-98ஆம் ஆண்டுகளில் நமது நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 398 தாய்மார்கள் பேறுகாலத்தையொட்டி உயிரிழந்தனர் என மாதிரிப் பதிவுத் திட்டம் மதிப்பிட்டது. 2018-20இல் இவ்வெண்ணிக்கை 97ஆகக் குறைந்தது. 2005-06இல் நூற்றுக்கு 39 பிரசவங்களே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2019-21இல் இது 89ஐ எட்டியது. இது சிறிய சாதனையன்று. ஆயினும், பிரசவத்தில் உயிர் பிழைத்த தாய் அதற்குப் பின்னர் வரும் நாற்பது ஆண்டுகளை எவ்வாறு கழிக்கிறாள் என்ற வினாவுக்கு நமது புள்ளிவிவரங்களில் விடை காண்பது அரிது.

இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தவுடன் அடிவயிற்றில் ஏதோ கீழே இறங்குவது போன்ற உணர்வு ஏற்படுகிறது. நாற்று நடும்போது குனிந்த நிலையில் நெடுநேரம் இருக்க முடிவதில்லை. கணவனுடனான உறவு வேதனையாகவோ, வெட்கத்துக்குரியதாகவோ ஆகிவிடுகிறது. இவற்றைத் தமிழகக் கிராமங்களில் ‘அடி இறங்கல்’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவார்கள். அச்சொல்லைக்கூடத் தாயிடமோ, மூத்த ஓரகத்தியிடமோ தாழ்ந்த குரலில்தான் சொல்வது வழக்கம். ‘பிள்ளை பெற்றவளுக்கு இது இயல்புதானே’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் ராணி பங், அபய் பங் ஆகியோர் இரு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களைப் பரிசோதித்து, 1989இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். அப்பெண்களுள் நூற்றுக்கு 92 பேருக்கு மகளிர் நோய்களுள் ஒன்றோ பலவோ இருந்தன. அதற்கு முன்னர் இதற்கெனப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் மட்டுமே. குடும்பக் கட்டுப்பாடு ஒன்றையே மகளிர் மருத்துவம் எனக் கருதிவந்த நிருவாகத்திற்கு இந்த ஆய்வு ஒரு பாடமாக அமைந்தது. நோய் இருந்தது, அதைக் கேட்பார்தாம் இல்லை.

தசைகளாலான ஒரு தொட்டில்

இடுப்பு எலும்புகள் அடிப்பக்கம் திறந்த ஒரு கிண்ணத்தைப் போன்றவை. அத்திறப்பை மூடி நிற்பவை இடுப்புத் தளத் தசைகள். முன்புறம் பூப்பெலும்பிலிருந்து பின்புறம் வால் எலும்பு வரை ஒரு தொட்டிலைப் போல் இவை கட்டப்பட்டுள்ளன. சிறுநீர்ப் பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் இத்தொட்டிலே தாங்குகிறது. சிறுநீர்த் தாரை, யோனி, மலவாய் ஆகிய மூன்று வழிகளும் இதனூடே செல்கின்றன. எனவே இத்தசைகளுக்கு இருவேறு கடமைகள் உண்டு: நாள் முழுதும் அயராது தாங்கி நிற்பது ஒன்று; இருமல், தும்மல், சுமை தூக்கல் போன்ற வேளைகளில் நொடிப்பொழுதில் இறுகி வழிகளை அடைப்பது மற்றொன்று. முதற்கடமைக்கு மெதுவாக இயங்கி நெடுநேரம் உழைக்கும் தசைநார்களும், இரண்டாவதற்கு விரைந்து சுருங்கும் தசைநார்களும் இங்கு கலந்து அமைந்துள்ளன. பயிற்சியும் இரு வகையாக இருக்க வேண்டுவதன் காரணம் இதுவே.

குழந்தையின் தலை வெளிவரும் வேளையில் இத்தசைகளின் ஒரு பகுதி தன் இயல்பான நீளத்தைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகமாக நீள்கிறது என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் கணிப்பொறி மாதிரி மூலம் கணக்கிட்டனர். உடலின் வேறெந்தத் தசையும் அத்தனை நீண்டால் கிழிந்துபோகும். பெரும்பாலான தாய்மார்களிடம் இது மீண்டும் தன்னிலை அடைவது வியப்புக்குரியதே. சிலரிடம் முழுமையாக அடைவதில்லை. ஆயுதம் கொண்டு குழந்தையை எடுத்தல், நீடித்த பிரசவ வேதனை, பருத்த குழந்தை ஆகியவை ஆபத்தை மிகுவிக்கும். பின்னாளில் மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறையும்போது, அதுவரை மறைந்திருந்த பலவீனம் வெளிப்படுவதும் உண்டு.

பிரசவம் ஒன்றே காரணம் என்று எண்ணிவிடலாகாது. நாட்பட்ட மலச்சிக்கலில் முக்குவதும், ஓயாத இருமலும், பெருஞ்சுமை தூக்குவதும் அன்றாடம் இத்தொட்டிலைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. நமது கிராமப் பெண்ணின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். விறகுப் புகையால் வந்த இருமல். தொலைவிலிருந்து சுமந்து வரும் தண்ணீர். வெளியே ஒதுங்க இடமின்மையால் அடக்கப்பட்ட மலம். பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே கூலி வேலை. கழிப்பறையும், சமையல் எரிவாயுவும், வீட்டுக் குழாய்க் குடிநீரும் வசதிகள் என்ற தலைப்பிலேயே எண்ணப்படுகின்றன. ஒரு மகளிர் மருத்துவரிடம் கேட்டால், அவற்றை அவர் இடுப்புத் தளப் பாதுகாப்பு என்ற தலைப்பிலும் சேர்ப்பார்.

பயிற்சியின் வரலாறு

யோகிகள் மூலபந்தம் என்றும், அசுவினி முத்திரை என்றும் கூறும் பயிற்சிகளில் இத்தசைகளைச் சுருக்கும் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. அவர்களின் நோக்கம் வேறு. அதனை மருத்துவச் சான்றாகக் கொள்ள இயலாது. மேலை நாட்டில், நடனக் கலைஞராக இருந்து உடலியக்க மருத்துவத்திற்கு வந்த மார்கரெட் மாரிஸ் என்னும் ஆங்கிலேய அம்மையார் 1936இல் இவ்வகைப் பயிற்சியை விவரித்தார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மகளிர் மருத்துவராகப் பணியாற்றிய ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதிய கட்டுரையே இதை மருத்துவ உலகில் நிலைநாட்டியது. தசையின் அழுத்தத்தை அளந்து முள்ளில் காட்டும் ஒரு சிறு கருவியையும் அவர் உருவாக்கினார். தன் முயற்சி பயன் தருவதை நோயாளியே கண்ணால் காண வேண்டும் என்பது அவர் கருத்து. கண்ணுக்குத் தெரியாத ஒரு தசையைப் பயிற்றுவிப்பதில் உள்ள முதல் இடர்ப்பாட்டை அவர் சரியாக உணர்ந்திருந்தார் எனலாம்.

அந்த இடர்ப்பாடு உண்மையானது. 1991இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் பயிற்சி கற்பிக்கப்பட்டது. ஏறத்தாழ பாதிப் பேரே அதைச் சரியாகச் செய்தனர். நான்கில் ஒருவர் தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கினர். இது நோயை வளர்க்கும் செயலாகும். எனவே துண்டறிக்கையை அச்சிட்டுக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட முடியாது.

செய்யும் முறை

சிறுநீர் கழித்த பின்னர் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ள வேண்டும். காற்றுப் பிரிவதை அடக்குவது போல் மலவாயைச் சுருக்கி, அதே சமயம் சிறுநீரை நிறுத்துவது போல் முன்வழியையும் சுருக்கி, இரண்டையும் உள்ளும் மேலுமாக உயர்த்த வேண்டும். கிணற்றிலிருந்து வாளி மேலேறுவது போன்ற உணர்வு இருக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் ஆகியவை இறுகக் கூடாது. மூச்சை அடக்கவும் கூடாது. ஆறு முதல் எட்டு நொடி நிறுத்தி, பிறகு முழுவதுமாகத் தளர்த்தி, அதே அளவு நேரம் ஓய்வு தர வேண்டும். தொடக்கத்தில் மூன்று நொடிகூட நிற்காமற் போகலாம். அதனால் மனம் தளர வேண்டியதில்லை. ஒரு வேளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, நாளொன்றுக்கு மூன்று வேளை செய்வது பொதுவான அளவு. இறுதியில் விரைந்து சுருக்கி உடனே விடும் பயிற்சியைச் சில முறை செய்யலாம். பழகிய பின் உட்கார்ந்தும், நின்றும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் செய்யலாம். அருகிலிருப்பவர் அறியமாட்டார் என்பது நம் பெண்களுக்கு இதில் உள்ள தனி வசதி!

சிறுநீர் கழிக்கையில் இடையில் நிறுத்திப் பார்ப்பது தசையை இனங்காண ஓரிரு முறை உதவும். அதையே பயிற்சியாகக் கொண்டால் சிறுநீர்ப் பை முழுதும் காலியாகாமல் வேறு தொல்லைகள் வரலாம். குறைந்தது மூன்று மாதங்கள் தொடர்ந்து செய்தாலன்றிப் பலனைப் பற்றி முடிவு கூற இயலாது.

இன்னொரு நுணுக்கம் இதைவிட எளிது. இருமல் வருமுன், சுமையைத் தூக்குமுன், தசையை முன்கூட்டியே சுருக்கிக்கொள்வதே அது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீர்க் கசிவுள்ள முதிய பெண்கள் ஒரே வாரப் பழக்கத்தில் மிதமான இருமலின்போது ஏற்படும் கசிவை ஏறத்தாழ முழுமையாகவும், பலத்த இருமலின்போதான கசிவை ஏறத்தாழ முக்கால் பங்கும் குறைத்துக்கொண்டனர். ஒரு வாரத்தில் தசை வலிமை பெற்றுவிடாது. தக்க தருணத்தில் அதைப் பயன்படுத்தக் கற்றதே இதற்குக் காரணம்.

பலன்களும் எல்லைகளும்

இருமல், தும்மல் போன்ற அழுத்தத்தால் சிறுநீர் கசியும் பெண்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பயிற்சி செய்தவர்களுள் நூற்றுக்கு 56 பேர் குணமடைந்ததாகக் கூறினர். செய்யாதவர்களுள் ஆறு பேரே அவ்வாறு கூறினர். மருந்தோ கத்தியோ இல்லாத ஒரு சிகிச்சைக்கு இது மிக நல்ல பலன். கருப்பை இறக்கத்திலும் தொடக்க நிலையில் தொல்லைகள் குறைகின்றன. ஆனால் யோனி வாயிலுக்கு வெளியே வந்துவிட்ட கருப்பையைப் பயிற்சி மட்டும் உள்ளே கொண்டுசெல்லாது. தொல்லை ஏதுமில்லாத எல்லாத் தாய்மார்களுக்கும் பிரசவத்திற்குப் பின் கட்டாயமாக இதைத் தொடங்கிவைப்பதை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கசிவு இல்லாத பெண்கள் கருவுற்ற காலத்திலேயே பயின்றால் பின்னர் கசிவு வரும் வாய்ப்புக் குறைகிறது என்பதற்கு ஓரளவு சான்று உண்டு.

தாம்பத்திய வாழ்க்கையைப் பற்றிப் பேச நமது சுகாதாரக் கட்டுரைகள் தயங்குகின்றன. கெகல் 1952லேயே இத்தசைகளுக்கும் உறவில் பெண் பெறும் இன்பத்திற்கும் உள்ள தொடர்பைக் குறித்து எழுதினார். கூடலின்போது சிறுநீர் கசியுமோ என்ற அச்சத்தால் கணவனை விலக்கும் பெண் குறைவல்லள். கணவன் அதை வெறுப்பென்று கொள்வதும் உண்டு. கசிவு நின்றால் அச்சம் நிற்கும், நெருக்கமும் திரும்பும். ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். உறவின்போது வலி உள்ள பெண்களுள் பலருக்குத் தசை தளர்ந்திருப்பதில்லை; மாறாக, இடைவிடாது இறுகியிருக்கிறது. அவர்களுக்குத் தேவை தளர்த்தும் பயிற்சி: ஆழ்ந்த மூச்சு, தசையை மெல்ல விடுதல், தேவையானால் வறட்சிக்கு மருந்து. இவர்கள் மேலும் இறுக்கிப் பழகினால் வலி கூடும். ‘இளமையை மீட்கும்’ சிகிச்சைகள் என்று லேசர் முதலியவற்றால் நகரங்களில் விளம்பரம் செய்யப்படுவனவற்றின் பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை என்று அமெரிக்க உணவு-மருந்து நிருவாகம் 2018இல் எச்சரித்துள்ளது.

கருப்பையை எடுத்துவிட்டால்?

இத்துறையில் இந்தியாவுக்கும் பெருமை உண்டு. பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் வி. என். ஷிரோத்கர், இளம் பெண்களின் இறங்கிய கருப்பையை எடுக்காமல் தூக்கி நிறுத்தும் அறுவை முறையை வகுத்தவர். அத்தகைய மரபு இருந்தும், கருப்பையையே அகற்றும் வழக்கம் பல பகுதிகளில் பெருகியுள்ளது. 2015-16ஆம் ஆண்டுக்கான தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் கருப்பை அகற்றப்பட்டோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 3.2, ஆந்திரப் பிரதேசத்தில் 8.9, தெலங்கானாவில் 7.7. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களிடையே இது பரவலாக இருந்த செய்தி 2019இல் நாட்டையே அதிரச் செய்தது. தேவையற்ற அகற்றலைத் தடுப்பதற்கான நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்தது. அவற்றை மாநிலங்கள் ஏற்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது.

இந்த அறுவைகளுக்கு அதிக இரத்தப்போக்கு முதலிய வேறு காரணங்களும் உண்டு. எனினும் தொட்டில் தளர்ந்திருக்கையில் குழந்தையை எடுத்துவிடுவதால் தொட்டில் இறுகிவிடாது. கருப்பை நீங்கிய பின்னும் யோனியின் மேற்பகுதியோ, சிறுநீர்ப் பையோ இறங்கக்கூடும். உள்ளே பொருத்தும் சிலிக்கன் வளையத்தை முதலில் பயன்படுத்திப் பார்க்கலாம். செலவு குறைவு, வேண்டாமெனில் எடுத்துவிடலாம். இதை அறிந்த பெண்கள் மிகச் சிலரே.

ஆஷா பணியாளர், மருத்துவ நிலையத்தில் பிரசவித்த தாயின் வீட்டுக்கு 42 நாட்களுக்குள் ஆறு முறை செல்ல வேண்டுமென்பது நடைமுறை. குழந்தையின் எடை, தாய்ப்பால், காய்ச்சல் ஆகியவற்றைக் கேட்டறிகிறார். 42ஆம் நாள் வருகையில் இரண்டு வினாக்களைக் கூடுதலாகக் கேட்கலாம்: ‘இருமினால் சிறுநீர் கசிகிறதா அம்மா? கீழே ஏதேனும் இறங்குவது போல் இருக்கிறதா?’ ‘ஆம்’ என்போரைத் துணை சுகாதார நிலையத்திற்கு அழைத்து வந்தால், அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியர் பரிசோதித்துத் தசை சரியாகச் சுருங்குகிறதா என்று பார்த்துக் கற்பிக்க முடியும். இதற்கு அவருக்குச் சில நாள் பயிற்சியும், திரை மறைத்த ஓர் அறையும், ஒரு கட்டிலும் போதும். சிறுநீரில் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, சிறுநீர் அறவே வராமை, வெளியே வந்த கருப்பையில் புண் ஆகியவை காணப்பட்டால் பயிற்சிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.